டிராகனின் வயிற்றைத் திறக்காதீர்கள்

ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றும் இந்தக் கன்னட ஊரில் நம் தமிழ் மன்றத்துப் பணியிலிருந்து ஓய்வு பெற மறுக்கும் பெருந்தகை, சற்று முன் என் தோளில் சால்வை போர்த்தியவர், ஏன் போர்த்தினார் என்பதை மட்டும் இன்னும் சொல்லாதவர், விழாத் தலைவர் ஐயா ஜெயகிருஷ்ணன் அவர்களே! எனக்கு முன்னால் பேசியவர்களுக்கெல்லாம் ஒலிவாங்கியை உயர்த்தி வைத்துவிட்டு எனக்கு மட்டும் தாழ்த்தி வைத்திருக்கும் செயலாளர் தம்பி ஹேமந்த் அவர்களே! முன்வரிசையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! மடியில் கைப்பை, கைப்பைக்குள் சாவிக்கொத்து, சாவிக்கொத்தின் மேல் ஒரு கை என்று விழிப்போடு வீற்றிருக்கும் தாய்மார்களே! இந்த மாபெரும் உருவத்தைக் கட்டி எழுப்பிய மகள் மேகனா அவர்களே, அவளுக்குக் கை கொடுத்த கண்மணிகளே! எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்கும் டிராகன் அவர்களே! உங்கள் அனைவருக்கும், அக்ரஹாரத்துக் கோயில் தெருவில் சின்னதாக ஒரு ஹோட்டல் நடத்தும் கிருஷ்ணராஜின் பணிவான, கொஞ்சம் பயந்த வணக்கம்.

முதலில் சால்வையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நல்ல சால்வை. கனத்த சால்வை. கரையில் சரிகை மின்னும் சால்வை. இதே மேடையில் எத்தனையோ பொங்கல் விழாக்களில் பேசியிருக்கிறேன். பொங்கலை நானே கிண்டி, நானே பரிமாறி, நானே பேசி, அண்டாவையும் நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றெல்லாம் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்ததுண்டா? இன்று மட்டும் எதற்கு இந்தச் சால்வை? சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சும்மா இருந்தவனுக்குக் காரணமில்லாமல் யாராவது சால்வை போர்த்துவார்களா என்று சிரித்தபடியே யோசியுங்கள்.

பின்வரிசையில் யாரோ "விஷயத்துக்கு வாங்க" என்கிறார். வருகிறேன் ஐயா. எனக்கு அவசரமில்லை. கடையில் இன்று கூட்டமில்லை. ஏன் கூட்டமில்லை என்பதுதான் விஷயமே.

பாருங்கள் இந்த டிராகனை! வாலைப் பாருங்கள், மேடையின் அந்தக் கோடியில் தொடங்கி வளைந்து நெளிந்து என் செருப்பு வரைக்கும் வந்து நிற்கிறது. கழுத்தைப் பாருங்கள், தலைவரின் நாற்காலியை எட்டிப் பார்க்கிறது. சிறகுகளைப் பாருங்கள், மின்விசிறியில் சிக்கிவிடும் என்று விசிறியை நிறுத்திவிட்டார்கள், நாமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறோம். எதனால் ஆனது இது? கல்லாலா? மரத்தாலா? மண்ணாலா? இல்லை ஐயா, இல்லை! உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்து, இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் பாதத்தைக் குத்தி, அவர் வாயில் வரவே கூடாத வார்த்தைகளையெல்லாம் வரவழைத்ததே, அந்தக் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆனது! குழந்தைகள் பிளாக்ஸ் என்பார்கள். ஒன்றின் தலையில் இருக்கும் குமிழ் இன்னொன்றின் அடியில் போய் 'டக்' என்று உட்காரும். ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தசராவுக்கு மன்றத்துக் கூடத்தில் கொலு வைப்பது நம் வழக்கம். இந்த முறை குழந்தைகள் தாங்களே ஒன்று கட்டுவோம் என்றார்கள். யானை கட்டலாம் என்றார் தலைவர். "தசரான்னா ஊரே யானை தாத்தா, நாங்க டிராகன் கட்டுவோம்" என்றார்கள் பிள்ளைகள். அதை யாளி என்று அழைத்தால் சம்மதம் என்றார் ஒரு பெரியவர். யாளிக்கு நெருப்பு வராது என்று பிள்ளைகள் ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வீடு கிடக்கும் பழைய பிளாக்ஸையெல்லாம் சேர்த்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. எங்கே சேர்ப்பது? எல்லோரும் வந்து போகிற இடம் எது? என் ஹோட்டல்! கல்லாவுக்குப் பக்கத்தில் சாக்குகளைப் பிரித்து வைத்தேன். காபி குடிக்க வந்தவர்கள் கட்டைகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நிறம் பிரிக்க என் ஹோட்டல் தட்டுகளைக் கொடுத்தேன். பச்சை ஒரு தட்டு, மஞ்சள் ஒரு தட்டு, சிவப்பு ஒரு தட்டு. கவனியுங்கள் தாய்மார்களே, சாக்கு என்னுடையது, தட்டு என்னுடையது. பின்னால் அந்தத் தட்டே சாட்சி சொல்ல வந்தது, எனக்கு எதிராக!

கட்டியவள் மேகனா. இந்தத் தெருவிலேயே பிறந்த பெண், பெங்களூரில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. வாரக் கடைசியில் வருவாள். என் கடையில் ஒரு தோசை தின்பாள், கூடத்துக்குப் போய்விடுவாள். கீழ்க் கட்டையும் கீழ்க் கட்டையும் சேரும் இடத்துக்கு நேர் மேலே, மேல் வரிசையின் சேர்ப்பு வரக்கூடாதாம். மாற்றி மாற்றி அடுக்க வேண்டுமாம். பிள்ளைகள் அப்படியே அடுக்கினார்கள். வால் வளர்ந்தது, உடல் உயர்ந்தது, சிறகு விரிந்தது. விரிந்த சிறகு ஒரு சனிக்கிழமை சடசடவென்று சரிந்து விழுந்தது! பிள்ளைகள் அழுதார்கள். மேகனா அழவில்லை. சிறகைப் பார்க்காமல் டிராகனின் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

மறுநாள் ஞாயிறு. பிள்ளைகளுக்கு நாடக ஒத்திகை. மேகனாவும் அவளுடைய தோழியும் மட்டும் பகல் முழுக்கக் கூடத்தில் இருந்தார்கள். மாலையில் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து பார்த்தால் சிறகு நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் சிவப்புத் தட்டு காலி! நெருப்பு கட்டுவதற்கென்று வைத்திருந்த நீளமான சிவப்புக் கட்டைகள், உங்கள் வீட்டிலிருந்தும் உங்கள் வீட்டிலிருந்தும் வந்த அத்தனையும், மாயம்!

அப்போது நான் அங்கே இல்லை. பின்னால் பலர் வாயில் கேட்டுக் கோத்துச் சொல்கிறேன். தம்பி ஹேமந்த் உடனே மேகனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "மேகனா, செவப்பு பிளாக்ஸ் ஒண்ணுகூடக் காணோமே, எங்கம்மா இருக்கு?" அந்தப் பக்கம் ஒரே வண்டிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்ன பதிலாக இந்தக் கூடத்தில் அத்தனை காதுகளும் கேட்டது இதுதான்: "அதா அங்கிள், எல்லாமே ஹோட்டல்ல இருக்கு. நா வர்ற வரைக்கும் யாரும் கை வெக்கபேடி, ஆய்த்தா?"

கை வைக்க வேண்டாம், சரியா என்று கேட்டிருக்கிறாள். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். நம் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்? ஹோட்டல்! இந்தத் தெருவில் எத்தனை ஹோட்டல் இருக்கிறது? ஒன்று. அதன் முதலாளி யார்? உங்கள் முன்னால் சால்வையோடு நிற்கிறான்.

என்னிடம் வந்து யாராவது கேட்டீர்களா? "கிருஷ்ணராஜ், சிவப்புக் கட்டை உன்னிடம் இருக்கிறதா" என்று ஒரு வாய் திறந்ததா? கேட்கவில்லை. கேட்காமல் என்ன செய்தீர்கள்? சாப்பிட வந்தீர்கள்!

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கடை அமர்க்களப்பட்டது. வீட்டுச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடாதவர்கள் இலை போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் இலையைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒருவர் கை கழுவப் போகிறேன் என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டார். நம் செயலாளர் சாம்பார் வாளியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கரண்டியை அடி வரைக்கும் விட்டுத் துழாவினார். எங்கள் சமையலறைக் கெம்பம்மா என் காதருகே வந்து, "சாமி, அவரு சாம்பார்ல ஏனு ஹுடுக்தாரே?" என்றாள். என்ன தேடுகிறார் என்று கேட்கிறாள். "முருங்கைக்காய் தேடறாரு, விடு" என்றேன். சிரிக்காதீர்கள் தம்பி, அன்று நீங்கள் முருங்கைக்காயையும் தின்றுவிட்டுத்தான் போனீர்கள்.

நான் மட்டும் லேசுப்பட்டவனா? எனக்கும் சந்தேகம் வந்தது. யாரும் காரணமில்லாமல் என் சாம்பாரை இவ்வளவு விரும்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டோர் ரூமைப் பார்க்கிறார்கள், அடுப்பைப் பார்க்கிறார்கள், வாளியின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். மன்றத்தார் கூட்டாகச் சேர்ந்து எனக்கு எதிரே ஒரு ஹோட்டல் திறக்கப் போகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்! என் கடையின் உயிர் எது? இட்லிப் பொடி. அதன் பக்குவம் எனக்கும் என் மனைவி சொர்ணலதாவுக்கும் மட்டும்தான் தெரியும். பொடி டப்பாவைத் துண்டால் மூடி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக நைசாக வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த நேரம் பார்த்துப் பின்சந்தில் நின்றவர் யார்? தம்பி ஹேமந்த்! துண்டுக்கு மேலே தெரிந்தது என்ன? டப்பாவின் மூடி. மூடியின் நிறம் என்ன? சொல்லுங்கள் குழந்தைகளே... ஆமாம், சிவப்பு!

இன்னும் கேளுங்கள். மன்றத்திலிருந்து திரும்பி வந்த என் தட்டுகளைக் கழுவும்போது, இரண்டு தட்டுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புக் கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கெம்பம்மா எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று கல்லாவில் சாமி படத்துக்குக் கீழே, பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒளித்து வைக்க நினைக்கிறவன் சாமி படத்துக்குக் கீழேயா வைப்பான்? ஆனால் பார்த்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? "பாத்தீங்களா, பூஜை வேற பண்றாரு" என்று தெரிந்தது. சொல் ஒன்று, டப்பா ஒன்று, கட்டை ஒன்று. மூன்றையும் அடுக்கி, சேர்ப்புக்கு மேல் சேர்ப்பு வராமல், ஒரு திருடனைக் கட்டிவிட்டீர்கள்.

இப்போது நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. என் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை இருப்பது உங்களுக்குத் தெரியும். வரிசையாக ஆணி அடித்த பலகை. குண்டலுபேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், சாமராஜநகருக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள், தமிழ்நாட்டுக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள், போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் நான் திறந்துவிடுவேன். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பால் கொடுத்துச் சாவியைக் கொடுப்பேன். எந்தச் சாவி எந்த வீடு என்று மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் நூல் கட்டி வைத்திருப்பேன். இந்த ஊரில் என்னைப் பெரிய மனிதன் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் கடை திறப்பேன்.

புதன்கிழமை முதல் சாவி போயிற்று. "மச்சினன் வந்திருக்கான், அவனுக்கு ஒண்ணு வேணும்" என்றார் ஒருவர். "பூட்ட மாத்தறோம்" என்றார் ஒருவர். "இனிமே எங்கயும் ஊருக்குப் போறதா இல்ல" என்றார் இன்னொருவர். இனிமேல் எங்குமே போகமாட்டாராம்! ஒவ்வொரு ஆணியாகக் காலியாயிற்று. சொர்ணலதாதான் முதலில் புரிந்துகொண்டாள். "ஏனுங்க, இவிங்க நம்மளத் திருடன்னு நெனைக்கறாங்க. நீங்க என்னமோ எல்லாத்தையும் எடுத்து எடுத்துக் குடுத்துட்டு நிக்கறீங்க?" என்றாள். நாங்கள் கொள்ளேகால் பக்கம். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். அன்றிலிருந்து அவள் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இன்றும் வரவில்லை. அந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பாருங்கள்.

கடைசிச் சாவியை எடுக்க வந்தவர் நம் தலைவர். பெயரைச் சொல்லலாமா ஐயா? சொல்கிறேன். உள்ளே வந்தீர்கள், காபி கேட்டீர்கள், ஆற்றிக் கொடுத்தேன். "காபி நல்லா இருக்கு கிருஷ்ணராஜ்" என்றீர்கள். எழுந்து நீங்களே கையை நீட்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம். பொய்யாக ஒரு மச்சினன் கூடவா உங்களுக்கு இல்லை? நீங்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் சமையலறைக்குள் போய் அழுதேன். வெங்காயம் நறுக்குகிறேன் என்று கெம்பம்மாவிடம் சொன்னேன். அவள் கையில்தான் வெங்காயம் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. மேகனா வந்தாள். வழக்கம் போல் தோசை சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தவள் பலகையைப் பார்த்துவிட்டாள். "அங்கிள், சாவியெல்லாம் ஏனாய்த்து?" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். "நீ சொன்னதுதாம்மா ஆச்சு" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். தோசை வந்தது. அவள் தொடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடவிடாமல், இந்தக் கூடத்துக்கு வந்தாள். தலைவரும் செயலாளரும் குழுவினரும் இங்கேயே நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், நா ஹோட்டல்னு எப்போ சொன்னேன்? ஹொட்டேல இருக்குன்னுதானே சொன்னேன்! ஹொட்டே! டிராகன் ஹொட்டே!" என்று தன் வயிற்றில் தட்டித் தட்டிக் காட்டினாள். "சிறகு நிக்கணும்னா உள்ள ஸ்ட்ராங்கா எலும்பு வேணும். நீளமா இருந்தது செவப்பு மட்டும்தான். அதான் எல்லாத்தையும் ஹொட்டேல வெச்சு, மேல பச்சை போட்டு மூடிட்டேன். அதுக்குத் தமிழ்ல என்ன, சட்டுனு வரல்ல, என்ன சொல்லுவாங்க?"

"வயிறு" என்றேன் நான். "ஹா, அதே. வயிறு" என்றாள்.

ஐயா, அம்மா, இப்போது ஒன்று கேட்கிறேன். "தமிழ் தெரியாத பிள்ளையால் வந்த வினை" என்று அன்று யாரோ சொன்னீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்றால், உங்களுக்குக் கன்னடம் தெரியாதா? எத்தனை தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோம்? பால்காரரிடம் கன்னடம், கண்டக்டரிடம் கன்னடம், பக்கத்து வீட்டில் கன்னடம்! டாக்டரிடம் போய் "ஹொட்டே நோவு" என்கிறீர்களே, அவர் உங்களை ஹோட்டலுக்கா அனுப்புகிறார்? வயிற்றுவலி என்று அவருக்குப் புரிகிறது, உங்களுக்கும் புரிகிறது. என்றைக்கும் புரிகிற சொல் அன்றைக்கு மட்டும் ஏன் புரியவில்லை? அவள் சொன்ன சொல்லுக்கு இரண்டு வாசல் இருந்தது. ஒரு வாசல் டிராகன் வயிற்றுக்குப் போகிறது, ஒரு வாசல் என் கடைக்கு வருகிறது. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த முதல் வாசல் கண்ணில் படவில்லையே, ஏன்? என்னை நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தீர்களா? எத்தனை நாளாக? சாவியைக் கொடுக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டுதான் கொடுத்தீர்களா? இதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

சரி, உண்மை தெரிந்துவிட்டதே, சந்தேகம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! மேகனா போட்டோ காட்டினாள். வயிற்றுக்குள் சிவப்பு எலும்புகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. "இதுல இருக்கறது எல்லா செவப்புமா, பாதி செவப்பா?" என்று ஒரு குரல். அவளுடைய தோழியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஃபிரெண்டு ஃபிரெண்டுக்குத்தானே சொல்லுவா" என்று ஒரு குரல். "மேகனாவுக்குத் தெனமும் தோசை அங்கதானே" என்று இன்னொரு குரல்! வாரத்தில் ஒரு தோசை ஐயா, அதுவும் அன்று தின்னவில்லை. கடைசியில் தலைவர் என்ன தீர்ப்புச் சொன்னார்? "தசரா முடிஞ்சு டிராகனைப் பிரிக்கும்போது பாத்துக்கலாம்" என்றார். பார்த்துக்கொள்ளலாமாம்! அதுவரைக்கும் நான் பாதித் திருடன்.

சாவிகள் வந்தனவா? வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன வந்தது? இதோ, இது வந்தது. இப்போது புரிகிறதா, நான் ஏன் இதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கிறேன் என்று? பெரியோர்களே, எனக்குச் சால்வை வேண்டாம், சாவி வேண்டும்! தோளுக்குப் பாரம் வேண்டாம், ஆணிக்குப் பாரம் வேண்டும்!

கை தட்டுகிறீர்கள். முதலில் தட்டியவர் யார்? மச்சினன் வந்திருக்கிறான் என்று சொன்னவர் நீங்கள்தானே? நன்றாகத் தட்டுங்கள். என்னம்மா அங்கே? யார் அது? "இப்பவே தெறந்து பாத்துடலாம்" என்கிறீர்களா? இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே சொல்கிறீர்கள். மேகனா எழுந்துவிட்டாள், பாருங்கள். டிராகனின் முதுகில் கை வைத்துவிட்டாள். என் மேல் உள்ள பழி போக வேண்டும் என்று, தான் கட்டியதைத் தானே பிரிக்க நிற்கிறாள். உள்ளே எலும்பைத் தொட்டால் சிறகு விழும், சிறகு விழுந்தால் கழுத்து சாயும். பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். அந்தக் கடைசிப் பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

மேகனா, கையை எடும்மா.

எடு. நான்தானே திருடன், நான் சொல்கிறேன், எடு. பிரிக்கக் கூடாது.

இத்தனை நாளும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் துடித்தேன். கன்னடத்தில் ஹொட்டே கிச்சு என்பார்கள், தமிழில் நாம் வயிற்றெரிச்சல் என்கிறோம். இரண்டு பாஷையிலும் நெருப்பு வயிற்றில்தான் இருக்கிறது. டிராகனுக்கு எப்படியோ, எனக்கு அங்கேதான் இருந்தது. தினமும் கடை சாத்திவிட்டுக் கூடத்து ஜன்னல் வழியாக இதன் வயிற்றையே பார்த்துவிட்டுப் போவேன். திற, திற, என்னைக் காப்பாற்று என்று மனசுக்குள் கத்தியிருக்கிறேன். இன்று மேடை ஏறியபோதும் பிரித்துக் காட்டச் சொல்லத்தான் ஏறினேன். ஆனால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் வேறொன்று தோன்றுகிறது. பிரித்தால் என்ன ஆகும்? சிவப்பு இருக்கும். எண்ணுவீர்கள். ஒன்றிரண்டு குறையும், ஏனென்றால் எத்தனை வந்தது என்று யாருக்கும் தெரியாது. குறைந்ததைத் தேடி மறுபடியும் என் கடைக்குச் சாப்பிட வருவீர்கள்! எத்தனை வயிற்றைத் திறப்பீர்கள்? டிராகன் வயிற்றைத் திறந்து, சாம்பார் வாளியைத் துழாவி, டப்பாவைக் கவிழ்த்து, அதற்கு அப்புறம் என் நெஞ்சையா திறந்து பார்ப்பீர்கள்?

திறந்து பார்த்த பிறகு நீங்கள் கொண்டு வருகிற சாவி எனக்கு வேண்டாம். அந்தச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வயிறு மூடியிருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் காணாதபோது, "கிருஷ்ணராஜ், ஊருக்குப் போயிட்டு வர்றேன், இந்தா" என்று நீட்டுகிறீர்களே, அந்தச் சாவிதான் எனக்கு வேண்டும். அதைத்தான் இத்தனை காலமும் பலகையில் மாட்டி வைத்திருந்தேன். இந்தப் பச்சைக் கட்டைகள் உள்ளே இருக்கும் சிவப்பை நம்பித்தான் நிற்கின்றன. ஒன்றாவது பிரித்துப் பார்த்ததா? பார்த்திருந்தால் நிற்குமா? பிள்ளைகள் கட்டியதுகூட ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது ஐயா. நாம் ஏன் விட்டோம்?

யார் அங்கே எழுந்து வருகிறார்கள்? வழி விடுங்கள். காமாக்ஷி அம்மா! தலைவர் வீட்டு அம்மா! படி உயரம், மெதுவாக வாருங்கள். தம்பி ஹேமந்த், கை கொடு. என்ன அம்மா? என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்?

சாவி.

தலைவரே, உங்கள் வீட்டுச் சாவி உங்களைக் கேட்காமலே மேடை ஏறி வந்துவிட்டது! பொறுங்கள் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், என் புத்தி இப்போது இப்படி ஆகிவிட்டது. இது நிஜமாகவே வாசல் சாவிதானா? பழைய பீரோச் சாவி ஏதாவது... கொடுங்கள், பார்க்கிறேன். வெளிச்சத்தில் காட்டுகிறேன். நூல் இருக்கிறது. நான் கட்டிய மஞ்சள் நூல். எடுத்துப் போன நாளிலிருந்து இந்த நூலை நீங்கள் அவிழ்க்கவே இல்லையா அம்மா?

என்ன சொன்னீர்கள்? ஒலிவாங்கியில் சொல்லுங்கள். "எப்படியும் திரும்ப அங்கதானே மாட்டணும், எதுக்கு அவுக்கணும்?" அம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்கு நான் திருப்பிச் சொல்லமாட்டேன். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்துக்கொள்ளுங்கள் ஐயா. நாளைக் காலை வாருங்கள், காபி ஆற்றித் தருகிறேன். இந்தச் சால்வையை அம்மாவின் தோளில் போர்த்துகிறேன். இப்போது இது சரியான தோளில் இருக்கிறது.

ரிப்பன் வெட்டி இந்த டிராகன் காட்சியைத் திறந்து வைக்கச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். கத்தரிக்கோல் வேண்டாம். சட்டைப் பையில் ஒன்று வைத்திருக்கிறேன். சாமி படத்துக்குக் கீழே இருந்த சிவப்புக் கட்டை. என்னைத் திருடன் ஆக்கிய கட்டை. மேகனா, டிராகனின் வாயில் நெருப்பும் இல்லை, நாக்கும் இல்லை என்று பிள்ளைகள் வருத்தப்பட்டார்களாமே? எங்கே வைப்பது, காட்டு. இங்கேயா? அழுத்துகிறேன். டக்! கேட்டதா குழந்தைகளே? நாக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிய தம்பி, இப்போது திறந்து பார்.

வயிற்றில் உள்ளதை வெளியே சொல்ல இவ்வளவு நேரம் இடம் கொடுத்த தலைவருக்கும், ஒலிவாங்கியைச் சற்று முன் தானாகவே உயர்த்தி வைத்த செயலாளருக்கும், பொறுமையோடு கேட்ட மூத்தோர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிள்ளைகளுக்கும், ஒரு சொல்லைத் தேடி என்னிடம் கேட்ட மகள் மேகனாவுக்கும் நன்றி. காமாக்ஷி அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, எந்தப் பாஷையிலும். கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ச் சொர்ணலதாவை எழுப்பி இந்த நூலைக் காட்டப் போகிறேன். அப்புறம் கடையைத் திறந்து பலகையில் மாட்டப் போகிறேன். மற்ற ஆணிகள் அப்படியேதான் இருக்கின்றன. யாரையும் கூப்பிடமாட்டேன். வந்தால் காரணம் கேட்கமாட்டேன்.

தலைவர் ஐயா, உங்கள் சாவி மறுபடியும் என்னிடம் இருக்கிறது. இரவு எத்தனை மணிக்கு வேண்டுமென்றாலும் வந்து கதவைத் தட்டுங்கள். ஒன்று மட்டும், பலமாகத் தட்டுங்கள். இன்றைக்கு நான் தூங்குவேன். வணக்கம்.